ஹட்டன் மழை போய்ச் சேரும் காடு

(ஹட்டனில் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, பெரியோரே!

நாம் கூடியிருக்கும் இந்த ஹட்டன் நகரம் நீரைப் பிரித்துவிடும் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. நகரத்தின் ஒருபுறம் விழும் மழை ஹட்டன் ஓயாவில் இறங்கி, வட்டவளைப் பக்கமாக நாவலப்பிட்டிக்குப் போய் மகாவலியாகிறது. மறுபுறம் விழும் மழை டிக்கோயாப் பள்ளத்தில் இறங்கி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து கெஹெல்கமு ஓயாவாக நோர்ட்டன் பிரிட்ஜைத் தாண்டி, கித்துல்கலைக்கு மேலே மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, கிழக்கே மூதூருக்கு அருகில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. களனி 145 கிலோமீற்றர் ஓடி, மேற்கே கொழும்பின் வடக்கு எல்லையில் கடலைத் தொடுகிறது. ஒரே தோட்டத்தில், ஒரே இரவில் பெய்த மழை தீவின் இரண்டு கரைகளுக்கும் போய்விடுகிறது.

அந்த இரண்டு கரைகளிலும் ஆறு கடலைச் சேரும் இடங்களை ஒட்டி ஒரே வகையான காடுதான் நிற்கிறது. அதுதான் கண்டல் காடு. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் சேற்றில் வளரும் காடு. படகில் ஏறித்தான் அதற்குள் போக முடியும். கடலே கண்ணுக்குத் தெரியாத இந்த உயரத்தில் நின்றுகொண்டு கண்டலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தக் காடு வாழ்வதும் சாவதும் பெரும்பாலும் மலையில் தீர்மானிக்கப்படுகிறது. மலையில் இருப்பவர்கள் நாம். ஆகவே அதை முதலில் பார்க்க வேண்டியவர்களும் நாம்தான். இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் உங்களை அங்கே கூட்டிப்போகிறேன்.

ஹட்டனிலிருந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது முத்துராஜவெல. களனி கடலைச் சேரும் இடத்துக்கு வடக்கே தொடங்கி நீர்கொழும்புக் களப்பு வரை நீண்டு கிடக்கும் சதுப்பு நிலம். சதுப்பு மட்டும் 3,000 ஹெக்டயருக்குச் சற்று அதிகம். களப்பையும் சேர்த்தால் 6,000 ஹெக்டயரைத் தாண்டும். ரயிலில் கொழும்பு கோட்டைக்குப் போய், அங்கிருந்து புத்தளம் பாதையில் ஜா-எலவில் இறங்கி, பமுனுகமப் பக்கம் போனால் போபிட்டியவில் ஹமில்டன் கால்வாய்க் கரையில் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. படகு அங்கிருந்துதான் புறப்படும்.

முதலில் கால்வாய். இரு கரையிலும் வீடுகள், காயும் வலைகள், தென்னைகள், கட்டிக் கிடக்கும் தோணிகள். போகப் போக வீடுகள் குறையும், கரை தாழும். பிறகு கரை எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இடம் வரும். நல்ல படகோட்டி அங்கே எஞ்சினை நிறுத்திவிடுவார். அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். கிளையில் மீன்கொத்தி இருக்கும். வேரின்மேல் கபரகொய்யா அசையாமல் படுத்திருக்கும். நீர்க்காகங்கள் இறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் பறவைகளை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மரத்தைப் பாருங்கள்.

வெண்கண்டல் என்று ஒரு மரம் உண்டு. கிளை எட்டும் தூரத்தில் வந்தால் இலையைப் பறிக்காமல் அதன் மேல் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். உப்புநீரை உறிஞ்சி, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது அந்த மரம். வெயில் ஏறிய பிறகு உப்புப் பொடி இலையின்மேல் கண்ணுக்கே தெரியும். அதன் அடியைப் பாருங்கள். சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே மரம் தன் வேர்களையே சேற்றுக்கு மேலே, விரல் நீளத்துக்கு, ஆயிரக்கணக்கில் நீட்டி வைத்திருக்கிறது. அவைதான் அதன் மூச்சுவேர்கள். நீர் வற்றும்போது அவை காற்றை எடுத்துக்கொள்கின்றன, நீர் ஏறும்போது மூழ்கிக் காத்திருக்கின்றன. இந்த மூச்சுவேர்களின் உயரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மண்ணைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இன்னொன்று செங்கண்டல். தண்டிலிருந்தும் கிளையிலிருந்தும் வளைந்து இறங்கும் ஊன்றுவேர்களின்மேல் நிற்கும் மரம். இதன் விதை தரையில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முளைத்தண்டு ஒரு முழ நீளம் வரை வளர்ந்து, கனத்த பிறகுதான் விடுபடுகிறது. நீர் வற்றியிருந்தால் நேராகச் சேற்றில் குத்தி நிற்கும். நீர் ஏறியிருந்தால் மிதந்து போகும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் மிதக்கும். தனக்கு ஏற்ற ஆழமும் ஏற்ற உப்பும் உள்ள சேறு கிடைக்கும்போது வேர் விடும். குழந்தையைக் கையில் தூக்கி வளர்த்துத் தரையில் இறக்கிவிடும் தாயைப் போன்ற மரம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

தில்லை மரமும் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிதம்பரம் கோயிலின் தலமரம் இதுதான். நம் பாட்டன் பூட்டன் வழிபட்ட கோயிலின் மரம் உப்புச் சேற்றில் வளரும் மரம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

களப்புக்குள் படகு நுழைந்தால் மனிதர்களின் வேலையும் தெரியும். நீர்கொழும்புக் களப்பு கடலோடு சேரும் குறுகிய வாயில் மீனவர்கள் கம்புகளை ஊன்றிக் கட்டுவலை போடுகிறார்கள். சிங்களத்தில் கட்டுதெல் என்பார்கள். களப்பின் கண்டல் வேர்களுக்கிடையே குஞ்சாக வளர்ந்த இறால், பெருத்த பிறகு இரவில் வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் வலை காத்திருக்கும். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சுற்றியுள்ள நான்கு மீனவர் சங்கங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் முறை வைத்து, சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்கின்றன. இன்னொரு முறையும் உண்டு. கண்டல் கிளைகளைக் கட்டுக்கட்டாக நீரில் ஊன்றி வைத்தால் மீன் அதற்குள் வந்து தங்கும். அந்தக் கிளைகளுக்காகவே மீனவர்கள் களப்போரத்தில் தாங்களே கண்டல் நட்டு வளர்த்து, அளவாக வெட்டி வந்திருக்கிறார்கள். காட்டை வெட்டுகிறவனே காட்டை வளர்க்கிறவனாகவும் இருந்த இடம் அது. சூழலைக் காப்பது பற்றி நமக்குப் பாடம் எடுப்பதற்கு வெளிநாட்டு நிபுணர்தான் வர வேண்டும் என்பதில்லை.

படகு போகும் அந்தக் கால்வாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. ஒல்லாந்தர் கால்வாய் வெட்டினார்கள். அதன் வழியே உப்புநீர் ஏறி வயல் கெட்டது. பிறகு ஆங்கிலேயர் உப்பை வடிக்கலாம் என்று எண்ணி 1802இல் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் ஹமில்டன் கால்வாயை வெட்டி முடித்தார்கள். அதிலும் வயல் மீளவில்லை. சேற்றுநிலத்தில் நீரின் போக்கை ஒரு முறை மாற்றிவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது போதும்.

நெல் போனாலும் அந்த நிலம் வேலை செய்வதை நிறுத்தவில்லை. அதற்கு வழக்கமாக நன்னீர் கொண்டுவருவது தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும். அவை நம் மலையில் பிறந்தவை அல்ல. ஆனால் களனி பெருகும்போது அந்த வெள்ளத்தில் ஒரு பங்கை இந்தச் சதுப்பு வாங்கிக்கொள்கிறது. பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தென்மேற்குப் பருவமழை இறங்கும் நாட்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அணைகளின் வான்கதவு திறந்தால் அந்தச் செய்தி கொழும்பின் தாழ்நிலக் குடிசைகளுக்குத்தான் போகிறது. 2016 மே மாதத்தில் களனிக் கரை முழுவதும் நீரில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2003இல் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக ஒன்றியத்தின் ஆய்வு ஒன்று முத்துராஜவெல ஆண்டுதோறும் செய்யும் வேலைக்கு விலை போட்டுப் பார்த்தது. ஏறத்தாழ 726 மில்லியன் ரூபாய் வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கும் வேலைக்கு மட்டும். சம்பளம் வாங்காத அந்தத் தொழிலாளியைக் குப்பை கொட்டியும் மண் போட்டு நிரப்பியும் நாடு நடத்தியிருக்கிறது. வடபகுதியை 1996இல் சரணாலயம் என்று அறிவித்த பிறகும் நிரப்புவது நிற்கவில்லை.

இனி மலைக்கு வருவோம்.

நம் மலைகளில் 1830களிலிருந்து காடு அழிந்தது. முதலில் கோப்பிக்காக. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி செத்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரவில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி செத்த மலையெல்லாம் தேயிலையானது. சரிவில் நின்ற காட்டின் வேரும் சருகும் போனதும் மண் நடக்கத் தொடங்கியது. இதை முதலில் கண்டவர்கள் நம் முன்னோர். மழைநீர் வடியக் கான் வெட்டியதும் கற்கட்டுக் கட்டியதும் அவர்கள் கைதான். இன்றும் சில தோட்டங்களில் அந்தக் கற்கட்டுகள் நூறாண்டு தாண்டி அசையாமல் நிற்கின்றன. நெருக்கமாக வளர்ந்து தரையை மூடிய தேயிலை மண்ணை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். கவ்வாத்து வெட்டிக் கிளை கழித்த மலை, செடி செத்து இடைவெளி விழுந்த பழைய மலை, புல்லைச் சுரண்டி வெறுந்தரையாக்கிய மலை, கான் தூர்ந்துபோன மலை, இவைதான் மண்ணை விடுகின்றன. நுவரெலியாப் பக்கத்துக் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சரிவோடு சரிவாக மேலிருந்து கீழே வெட்டினால் அவையும் விடும்.

எவ்வளவு விடும்? கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து 1976இல் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 12 ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மண் நிரம்பிவிட்டது. பல தலைமுறைக்கு என்று கட்டிய அணை அது. அந்த மண் நுவரெலியாவும் கொட்டகலையும் தலவாக்கலையும் விட்ட மண்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆற்று மண் கண்டலுக்கு விரோதி என்று சொல்லிவிட முடியாது. கண்டல் மண்ணை உண்டு வாழும் காடு. இமயத்திலிருந்து கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல்தான் சுந்தரவனம் நிற்கிறது. மண் வராவிட்டால் கடல் கரையைத் தின்னும், கண்டல் பின்வாங்கும். மண் அதிகமாக, வேகமாக வந்தால் நான் முன்பு சொன்ன மூச்சுவேர்கள் மூடிப்போகும். விரல் நீளம்தானே அவை? ஒரு பெருவெள்ளம் கொண்டுவரும் சேறு அவற்றை மூடப் போதும். மூடினால் மரம் நின்றபடியே மூச்சடைத்துச் சாகும்.

நம் மலை இன்று இரண்டு கெடுதலையும் ஒன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. கனமான மணல் காசல்ரீயிலும் மவுசாகலையிலும் லக்சபானவிலும் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. தப்பி வரும் மணலைக் கீழே களனிப் படுகையில் அள்ளிவிடுகிறார்கள். ஆகவே கடற்கரைக்குப் போக வேண்டிய மணல் போவதில்லை. களனி முகத்துக்கு வடக்கே நீர்கொழும்பு வரை கடல் கரையை அரிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். மெல்லிய சேறோ அணையில் முழுவதும் தங்குவதில்லை. வெள்ளத்தோடு கலங்கலாக வெளியேறி, நீர் அசையாத இடத்தில், அதாவது கண்டல் வேர்களுக்கிடையில், போய் இறங்குகிறது. தேவையானது மேலே தங்கிவிடுகிறது, தேவைக்கு மிஞ்சியது கீழே போகிறது.

நன்னீருக்கும் இதே கதைதான். தெற்கே ஹுங்கமவுக்கு அருகில் கலமெட்டிய என்ற களப்பு இருக்கிறது. பறவைச் சரணாலயம். வளவை கங்கை நம் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைத் தொடரில் பிறக்கும் ஆறு. 1960களில் அதை மறித்து உடவளவை நீர்த்தேக்கம் கட்டி வயலுக்கு நீர் பாய்ச்சினார்கள். வயலில் மிஞ்சிய நீரும் வண்டலும் கச்சிகல் ஆறு வழியாகக் கலமெட்டியவுக்குள் இறங்கின. உப்புக் குறைந்தது, தரை உயர்ந்தது. நன்னீர் விரும்பும் கிரல என்னும் கண்டல் மரம் களப்பின் நடுவரை பரவியது. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் பசுமை பெருகியிருக்கிறது. கரையில் நின்று பார்த்தால் களப்பு சுருங்கியிருக்கிறது, இறால் குறைந்திருக்கிறது. காடு பெருகியது என்று கேட்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். எந்தக் காடு, எதன் இடத்தில் என்று கேளுங்கள்.

நம் முன்னோரின் ஆறும் ஒரு கண்டல் காட்டுப் பக்கம்தான் போய்ச் சேர்கிறது. திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த அவையில் நிறைய இருக்கும். காவிரி கோப்பித் தோட்டங்கள் நிறைந்த குடகு மலையில் பிறக்கிறது. அதன் கிளையான கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையில், சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் கண்டல் காடு இருக்கிறது. ஏறக்குறைய 1,100 ஹெக்டயர். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகில், கிளைகள் தலைக்கு மேல் கூடாரமாக மூடிய சிறு வாய்க்கால்கள் வழியாகப் போகலாம். தமிழ்நாட்டுக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் திருத்தல யாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தில்லைக் கூத்தனைக் கும்பிட்டுவிட்டுத் தில்லை வனத்தையும் பார்த்து வரலாம்.

பிச்சாவரத்திலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை அங்கே மரத்தைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு வற்றி அமுங்கியது. நடுவில் பள்ளம் விழுந்தது. பெருக்கில் ஏறிய கடல்நீர் பள்ளத்தில் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறி ஏறி எந்தக் கன்றும் பிழைக்க முடியாத தரையானது. கன்று நட்டுப் பயனில்லை என்று கண்ட பிறகு, 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தினர் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். பெருக்கில் நீர் ஏறவும் வற்றில் நீர் இறங்கவும் வழி கிடைத்தது. உப்புக் கழுவப்பட்டது. பிறகு வைத்த கன்றுகள் எழுந்தன. தோட்டத்தில் சரிவு பார்த்துக் கான் வெட்டத் தெரிந்த எவருக்கும் அந்த வேலையின் நுட்பம் ஒரே பார்வையில் விளங்கும். நம் மக்களின் கையில் இருக்கும் அறிவு அது.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் நாட்டில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். கண்டல் நின்ற இடத்தில் சேதம் குறைவு என்று தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தை வைத்து எழுதிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. உடனே எல்லாரும் கண்டல் நடக் கிளம்பினார்கள். நல்ல மனம்தான், பணமும் வந்தது. இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டார்கள். ஓர் ஆய்வுக் குழு 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டது. 200, 220 ஹெக்டயர் அளவில்தான் பிழைத்திருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. கண்டல் இயற்கையாக ஒருபோதும் வளராத இடத்தில் நட்டார்கள், தவறான ஆழத்தில் நட்டார்கள், கையில் கிடைப்பது எளிது என்பதால் எங்கும் செங்கண்டலையே நட்டார்கள். நட்டுப் படம் எடுத்த பிறகு மாடு மேய்ந்ததை யாரும் பார்க்கவில்லை. நீர் சரியாக இருந்தால் கண்டல் தானாகவே வரும். முழ நீளக் கன்று மிதந்து வந்து தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? நாம் செய்ய வேண்டியது அதன் வழியை மறிக்காமல் இருப்பது. இருக்கும் காட்டை அழியாமல் காப்பது, புதிதாக நடுவதைவிடப் பல மடங்கு மேல்.

அந்த வகையில் நாடு செய்த நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். புத்தளம், சிலாபம் பக்கத்தில் 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டித் தள்ளினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் படுத்தன. காடும் போய், இறாலும் போய், வெறும் குழிகள் மிஞ்சின. அந்தப் பட்டறிவுக்குப் பிறகு 2015இல், கரையோரப் பெண்களுக்குத் தொழில் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் தத்தம் ஊர்க் கண்டலைக் காப்பது என்று ஒரு திட்டம் வந்தது. சுதீச என்ற உள்ளூர் அமைப்பும் சீகாலஜி என்ற வெளிநாட்டு அமைப்பும் அரசோடு சேர்ந்து தொடங்கின. 15,000 பெண்களை இலக்காக வைத்தார்கள். நாட்டின் கண்டல் அனைத்தையும் காப்பது என்ற உறுதியை முதலில் எடுத்த நாடு இலங்கை என்று அப்போது உலகம் பாராட்டியது. 2016இல் சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டல் அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. கரையோரப் பெண்கள் கீழே காவல் இருக்கிறார்கள். மேலே மலையில் இருக்கும் பெண்களிடம் இதுபற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா? மண் புறப்படும் இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தானே! எந்த மலையில் கான் தூர்ந்திருக்கிறது, எந்தச் சரிவில் மண் பிளக்கிறது என்பது கொழும்பில் இருக்கும் அதிகாரிக்கு முன் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். 2014 ஒக்டோபரில் மீரியாபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண்சரிவு மூடியதே, அதற்குப் பிறகாவது நம் பெண்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துவைக்கும் ஏற்பாடு ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும். அது நம் உயிருக்கும் காவல், கரையோரக் காட்டுக்கும் காவல்.

கண்டலோடு நமக்கு இருக்கும் உறவு புதிதும் இல்லை. தமிழகக் கரையிலிருந்து தோணியில் வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் செத்தவர்களின் கணக்கு யாரிடமும் முழுமையாக இல்லை. வங்காலையிலும் விடத்தல்தீவிலும் இன்றும் கண்டல் நிற்கும் கரை அது. அந்தக் கரைக்காட்டைக் கடந்துதான் மலைக்காட்டுக்கு வந்தார்கள்.

நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலைக்குப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1978இல் திறந்த வலயம். நீர்கொழும்புக் களப்பின் கிழக்குக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடுதி அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் களப்பு. ஆண்டுக்கணக்கில் அங்கே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தக் களப்பை ஒரு முறைகூடப் படகில் பார்க்காமல் ஊர் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவர்கள் போக வேண்டும். அவர்களின் ஊர் ஆற்று வெள்ளம் போய்ச் சேரும் பக்கம் அது. அங்கே அவர்கள் அந்நியர் இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தோட்டப் பாடசாலைச் சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலை, துறைமுகம், கடற்கரை, கடைவீதி என்று ஒரே பட்டியல்தான் வருடா வருடம். அந்தப் பட்டியலில் முத்துராஜவெலவைச் சேருங்கள். காலையிலேயே படகில் ஏறுங்கள். வேகமாக ஓட்டச் சொல்லாதீர்கள், படகின் அலை சேற்றுக்கரையை அரிக்கும். பிளாஸ்டிக் பை எதையும் படகுக்குள் கொண்டுபோகாதீர்கள். போவதற்கு முந்திய வாரம் பிள்ளைகளை உங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் ஓடும் ஓயாவுக்கு அழைத்துப்போய், மழை பெய்த மறுநாள் ஒரு போத்தல் நீர் எடுத்து வைத்து, எவ்வளவு சேறு அடியில் தங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைக் கொப்பியில் எழுதிக்கொண்டு படகில் ஏறட்டும். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைகள் வசதி உண்டானால் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் போங்கள். உங்கள் நீர் போவது அந்தப் பக்கம். வருகிற தவணையில் ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் ஒரு வகுப்பாவது போகட்டும். திரும்பி வந்ததும் தோட்டத்துக் கான்களைப் போய்ப் பார்த்து, தூர்ந்திருப்பவற்றின் பட்டியலைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்கட்டும்.